முட்டி வலி: தட்டிலும் தொடையிலும் இருக்கும் வைத்தியம்

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் முட்டி வலிக்கு வந்துவிடும். ஒருவர் முடக்கத்தான் தோசையைச் சொல்வார், இன்னொருவர் பிரண்டைத் துவையலை. கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்வந்தவர் முடவாட்டுக்கால் சூப் குடித்ததைச் சொல்வார். உருளைக்கிழங்கும் வாழைக்காயும் வாயு, புளியைத் தொடவே கூடாது என்று ஒரு பட்டியல் வரும். கடைசியில், "மாடி ஏறாதே, கீழே உட்காராதே, ரெஸ்ட்ல இருன்னு சொல்லிட்டாங்க" என்ற பெருமூச்சோடு பேச்சு முடியும்.

நாள்பட்ட முட்டி வலியில் சாப்பாடும் பழக்கவழக்கமும் பெரிய வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அந்த வேலை நடக்கிற இரண்டு இடங்களும் மேலே சொன்ன பேச்சில் வருவதே இல்லை. ஒன்று, எடை கூடுதலாக உள்ளவர்கள் தங்கள் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பது. மற்றொன்று, தொடைத் தசையைப் பலப்படுத்துவது. எந்தக் கீரை, எந்த எண்ணெய் என்ற கேள்வியெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். வரிசை மாறிப்போவதால்தான் ஆண்டுக்கணக்கில் பத்தியம் இருந்தும் படியேற முடியாமல் பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டு வருகிற வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, நாள்பட்ட வலிக்கென்று தனி இடம் தரப்பட்டது. வேறு நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்கப்பட்டு வந்த ஒன்று, தானே ஒரு நோயாகப் பதிவானது. இதற்குக் காரணம் இருக்கிறது. காலில் முள் குத்தினால் வரும் வலி, முள்ளை எடுத்ததும் போய்விடும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே மாறிப்போகிறது. முதுகுத்தண்டும் மூளையும் சின்னத் தூண்டுதலைக்கூடப் பெரிய வலியாக வாசிக்கப் பழகிவிடுகின்றன. அந்த வலி கற்பனையும் இல்லை, நடிப்பும் இல்லை.

எக்ஸ்ரேயைக் காட்டி, "தேய்ஞ்சு போச்சும்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லப்படும் இடத்தில்தான் பலருக்கு நம்பிக்கை போகிறது. மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. ஆகவே அது தேய்வது நேரடியாக வலிக்காது. வலி வருவது மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்குவதாலும், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு பாதிக்கப்படுவதாலும், பலமிழந்த தசை சுமையைத் தாங்காமல் மூட்டின் மேல் இறக்கிவிடுவதாலும். அதனால்தான் படத்தில் மோசமாகத் தெரிகிற முட்டியோடு ஒருவர் நாளெல்லாம் நடக்கிறார், லேசான தேய்மானம் உள்ள இன்னொருவரால் கழிவறைக்குக்கூடப் போக முடியவில்லை. முதுகிலும் இதே கதைதான். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. தேய்மானத்தைத் திருப்ப முடியாது. வலியைப் பெரிய அளவுக்குக் குறைக்க முடியும். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

எடை என்ன செய்கிறது?

சமதரையில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மூட்டுக்குள் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை விழுகிறது. படி இறங்கும்போது அது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி ஜெர்மனியில் அளந்து பார்த்த கணக்கு இது. சமதரையில் நடப்பதைவிடப் படி இறங்குவது ஏன் அதிகம் வலிக்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். எடை குறைந்தால் இந்தச் சுமை எவ்வளவு குறையும் என்று அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகக் குழு அளந்து 2005-இல் வெளியிட்டது: எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் நாலு கிலோ சுமை குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. வீட்டு வேலையிலேயே ஒரு நாளைக்கு மூவாயிரம் அடி நடக்கிறவர் மீதிக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம்.

சுமை மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கை விரல் மூட்டுகளிலும் தேய்மானம் அதிகம் வருகிறது. கையால் யாரும் நடப்பதில்லையே. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு இல்லை. அழற்சியை, அதாவது உடலுக்குள் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது, அவை மூட்டுச் சவ்வையும் போய்ச் சேர்கின்றன. எடை குறைப்பது சுமையையும் குறைக்கிறது, இந்த அழற்சியையும் தணிக்கிறது.

இதை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதே வேக் ஃபாரஸ்ட் குழு, முட்டித் தேய்மானமும் கூடுதல் எடையும் உள்ள, 55 வயதைத் தாண்டிய 454 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். பதினெட்டு மாதம் கழித்து, 2013-இல் முடிவு வெளியானது. இரண்டையும் செய்தவர்கள் சராசரியாகப் பத்தரைக் கிலோ, அதாவது தங்கள் எடையில் 11 சதவீதம் குறைத்திருந்தார்கள். அவர்களுடைய வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பத்தில் நாலு பேர் வலி கிட்டத்தட்ட இல்லை என்றே சொன்னார்கள். உணவு மட்டும் அல்லது பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் பலன் இருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அறுவை சிகிச்சையோ புது மாத்திரையோ இல்லாமல் இந்தப் பலன் கிடைத்தது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அது சுலபமாகவும் கிடைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரப் பயிற்சி, ஒன்றரை ஆண்டு தொடர்ச்சியான ஆலோசனை எல்லாம் அதற்குப் பின்னால் இருந்தன.

இப்போது எடையைக் குறைக்கப் போடும் செமாகுளூடைடு ஊசியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2024-இல் வெளியான ஆய்வில் அந்த ஊசி போட்டவர்களுக்கு எடை 13.7 சதவீதம் குறைந்தது, முட்டி வலியும் நன்றாகக் குறைந்தது. எந்த வழியில் எடை குறைந்தாலும் முட்டிக்கு நிம்மதி என்பதையே இதுவும் காட்டுகிறது. ஊசியின் விலை, பக்கவிளைவு, நிறுத்தினால் எடை திரும்புவது எல்லாவற்றையும் மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். மாதவிடாய் நின்றபின் எடை இன்னும் ஏறும், முட்டி வலியும் அப்போதுதான் பிடிக்கும். அதே நேரத்தில் ஒல்லியாக இருந்தும் முட்டி வலியால் அவதிப்படுகிற பெண்கள் நம் கிராமங்களில் நிறைய. சீனாவின் பீஜிங்கில் நடந்த ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. அங்கே வயதான பெண்களுக்கு அமெரிக்கப் பெண்களைவிட முட்டித் தேய்மானம் அதிகம் இருந்தது. இளவயதில் நாளெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்றும் தெரிந்தது. களையெடுத்தும் நாற்றுப் பறித்தும் பழகிய நம் பெண்களிடம் எடையைக் குறையுங்கள் என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது போதுமான சாப்பாடு, அதில் போதுமான புரதம், வேலையில் உட்காரும் விதத்தில் மாற்றம்.

ஒரு நாள் தட்டு

நடுத்தர வீட்டுப் பெண் ஒருவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வயது 58, எடை 75 கிலோ. காலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. எல்லோரும் கிளம்பிய பிறகு நாலு இட்லி, சட்னி. மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். நாலு மணிக்குக் காபியோடு முறுக்கு. ராத்திரி எல்லோருக்கும் ஊற்றி முடித்தபின், ஒன்பதரை மணிக்கு மூன்று தோசை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததும் இவர் வயிற்றுக்குள்தான் போகும், வீணாக்க மனசு வராது.

இதில் பெரிதாகத் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். கூட்டிப் பார்த்தால், நாள் முழுக்கக் கிடைத்த புரதம் நாற்பது கிராமைத் தாண்டுவது கஷ்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். வயது கூடக் கூட ஒரு கிராமாவது தேவை என்பது பல நிபுணர்களின் கருத்து. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025-இல் சொன்னதும் இதையேதான்: இந்தியர் சாப்பாட்டில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம்தான். இந்தத் தட்டில் எடை ஏறுகிறது, தசை இளைக்கிறது. முட்டிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், அது வலியைக் கூட்டவே செய்யும். எனவே மாற்றம் இப்படி இருக்கலாம்: மதியம் மூன்று முறை சோறு இரண்டு முறையாகட்டும், முதலில் பொரியலும் கூட்டும் ஒரு கப் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்கட்டும். சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்கட்டும். முறுக்குக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறோ. அசைவம் சாப்பிடுபவர் என்றால் தினம் ஒரு முட்டை, வாரம் இரண்டு மூன்று முறை மீன் குழம்பு. காபியில் சர்க்கரையைப் பாதியாக்கினால் மாதத்தில் கணிசமான கலோரி மிச்சம். நாலு பேர் உள்ள வீட்டில் சமையல் எண்ணெய் மாதம் மூன்று லிட்டருக்குள் நிற்க வேண்டும். கம்பு, கேழ்வரகு, சாமை நல்லவைதான், நார்ச்சத்து அதிகம். ஆனால் சிறுதானியம் என்பதற்காக மூன்று கிண்ணம் சாப்பிட்டால் எடை குறையாது, அதிலும் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான்.

இரண்டு எச்சரிக்கைகள். நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் மயக்கம் வரலாம், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மாதம் ஒன்று ஒன்றரைக் கிலோ வீதம் குறைந்தால் போதும். அரை வருடத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும்.

மஞ்சள், மீன், பிரண்டை

மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் தன்மை உண்டு. முட்டி வலியில் அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் 70 பேரிடம் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் வலி ஓரளவு குறைந்தது. ஆனால் அது மாத்திரையாகக் கொடுத்த சாறு. நம் சமையலறைக் கணக்கு வேறு. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ மூன்று சதவீதம். ஒரு ஸ்பூன் தூள் முழுவதும் சாப்பிட்டாலும் நூறு மில்லிகிராம் வராது, ஆய்வுகளில் கொடுப்பது அதைப் போலப் பல மடங்கு. அதிலும் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியே போய்விடும். மிளகில் உள்ள பிப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இலேயே காட்டினார்கள். பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப்போடும் நம் வழக்கம் அர்த்தமுள்ளது. சளிக்கு இதமாகக் குடிக்கலாம், ருசிக்குக் குடிக்கலாம், முட்டி வலிக்கு வைத்தியம் என்று அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கடையில் விற்கும் அடர்த்தியான மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி இவற்றில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு மூட்டழற்சியில் வலியையும் வலி மாத்திரைத் தேவையையும் ஓரளவு குறைக்கிறது. வயதால் வரும் முட்டித் தேய்மானத்தில் அந்த அளவுக்குச் சான்று கிடையாது. ஆனாலும் விலை குறைவு, புரதம் அதிகம், இதயத்துக்கும் நல்லது என்பதால் மத்திக் குழம்பு இந்தச் சாப்பாட்டில் தாராளமாக இடம்பெறலாம்.

பிரண்டைக்கு எலும்பு முறிவு ஆறுவதில் ஓரளவு ஆய்வு இருக்கிறது. முடக்கத்தானுக்கு மனிதர்களிடம் செய்த நல்ல ஆய்வுகள் குறைவு. இரண்டும் உணவாகச் சாப்பிடக் கெடுதல் இல்லாதவை. பிடித்தால் சாப்பிடுங்கள். புளியும் உருளைக்கிழங்கும் மூட்டு வலியைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆண்டுக்கணக்கில் புளிக்குழம்பை வெறுத்து ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்!

மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாதாமாதம் பணம் கொடுப்பவர்கள் கவனிக்க: 1,583 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மேலாக இல்லை. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் அதைக் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. அந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

வைட்டமின் டி குறைபாடு வெயில் நிறைந்த நம் ஊரிலும் பரவலாக இருக்கிறது. மிகவும் குறைந்துபோனால் எலும்பும் தசையும் வலிக்கும், அதைச் சரிசெய்தால் அந்த வலி தீரும். இயல்பான அளவு உள்ளவர்கள் மேலும் மேலும் எடுப்பதால் முட்டித் தேய்மான வலி குறைவதில்லை. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையைப் பரிசோதனையே இல்லாமல் வருடக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. கால் எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் பி12 அளவையும் பார்க்க வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்கும் நீரிழிவுக்கு நீண்ட நாளாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம்.

சாப்பாட்டைக் குறிப்பாகப் பார்க்க வேண்டிய மூட்டு நோய் ஒன்று உண்டென்றால் அது கவுட். யூரிக் அமிலம் படிகமாகி, பெரும்பாலும் கால் பெருவிரலில் நடுராத்திரியில் வலியைக் கிளப்பும். ஈரல், மூளை, சுவரொட்டி, பீர், இனிப்புக் குளிர்பானம் இவற்றைத் தவிர்ப்பது உதவும். பருப்பையும் பயறையும் நிறுத்த வேண்டியதில்லை. 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு, உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் உள்ள காய்கறிகளுக்கும் கவுட்டுக்கும் தொடர்பு காணவில்லை என்று 2004-இல் சொன்னது. யூரிக் அமிலம் அதிகமாகவே இருந்து அடிக்கடி வலி வந்தால் பத்தியம் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

ஓய்வால் வரும் கேடு

குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லை என்று பார்த்தோம். பிறகு அதற்கு உணவு எங்கிருந்து போகிறது? காலை ஊன்றும்போது அழுந்தியும் எடுக்கும்போது விரிந்தும், தண்ணீரில் கிடக்கும் பஞ்சு மாதிரி மூட்டுத் திரவத்தை உறிஞ்சித்தான் அது உயிர் வாழ்கிறது. அசையாத மூட்டுக்கு உணவு போய்ச் சேராது. அசையாத காலில் தொடையின் முன்பக்கத் தசை சில வாரங்களிலேயே இளைக்கத் தொடங்கும். தசை இளைத்தால் அடுத்த அடி இன்னும் வலிக்கும், வலித்தால் இன்னும் ஓய்வு. இந்தச் சுழலில் சிக்கியவர்களைத்தான் ரெஸ்ட் எடுங்கள் என்று மேலும் உள்ளே தள்ளுகிறோம். அடிபட்ட புதிதில், மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் சில நாட்களில் ஓய்வு சரி. நாள்பட்ட வலிக்கு அது கெடுதல்.

பிசியோதெரபி அறையில் நடப்பதைப் பாருங்கள். கை வைக்காத மர நாற்காலி, சுவரோரமாக. "அம்மா, கையை மார்புக்குக் குறுக்கே வச்சுக்குங்க. ஊன்றாம எந்திரிங்க." அந்த அம்மா முன்னால் சாய்கிறார், பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார். "வலிக்குதுப்பா." பிசியோ நாற்காலியில் ஒரு கனமான தலையணையைப் போடுகிறார். உயரம் கூடியதும் எழ முடிகிறது. "இறங்கும்போது மெதுவா, மூணு எண்ணிக்கிட்டே உட்காருங்க." பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. சில வாரம் கழித்துத் தலையணை மெலிதாகும், பிறகு இல்லாமலே போகும். இதோடு, காலை நீட்டி முட்டியைத் தரையில் அழுத்தித் தொடையை இறுக்குவது, படுத்து ஒரு காலை நேராக ஒரு முழம் தூக்கிப் பிடிப்பது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது. கருவி ஏதும் வேண்டாம்.

எவ்வளவு வலித்தால் நிறுத்துவது என்பதில்தான் எல்லோருக்கும் பயம். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கும் கிளாட் என்ற பயிற்சித் திட்டம் இதற்கு எளிய விதி வைத்திருக்கிறது. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது ஐந்து வரை வந்தால் பரவாயில்லை. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம். பயிற்சி வலி என்பது மூட்டு நாசமாகிறது என்பதற்கு அடையாளம் இல்லை.

உடற்பயிற்சியால் முட்டி வலி குறையும் அளவு மிதமானது. வலி மாத்திரைகள் தரும் நிவாரணத்துக்கு ஏறக்குறைய சமம். ஆனால் பயிற்சியால் வயிறு புண்ணாகாது, சிறுநீரகம் கெடாது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே இறங்கும். முதுகு வலிக்காரர்களுக்கு வெறும் நடையே பெரிய துணை. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், நடைப் பழக்கத்தைப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வலி மறுபடி வரச் சராசரியாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

மருத்துவமனைக்குப் போய்வர முடியாதவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிற திட்டம் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டில் சில மாற்றங்களும் வேண்டும். குத்துக்காலிட்டு அரிந்த காயை மேசையில் வைத்து அரியலாம். இந்தியன் டாய்லெட்டின் மேல் வைக்கும் ஸ்டூல் நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். அதற்காகக் கீழே உட்காருவதையே அடியோடு விட்டுவிட வேண்டாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முட்டியை மடக்கி நீட்டும் பழக்கமாவது தினமும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

தூக்கமும் மனமும்

நல்ல ஆரோக்கியம் உள்ளவரைச் சில இரவுகள் சரியாகத் தூங்கவிடாமல் செய்து பார்த்தால், மறுநாள் அவருக்குச் சின்ன அழுத்தம்கூட அதிகமாக வலிக்கிறது. ஆய்வகங்களில் பலமுறை உறுதியான விஷயம் இது. நம் வீடுகளில் பதினோரு மணிக்குப் பாத்திரம் துலக்கிப் படுத்து, பால்காரருக்காக நாலரைக்கு எழுந்திருக்கும் பெண்ணின் முட்டிக்கு எந்தத் தைலத்தைத் தேய்த்து என்ன பயன்? இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பது, மாலை நாலுக்குப் பிறகு காபியை விடுவது, காலைக் காபியை வேறொருவர் போடுவது எல்லாம் வலி சிகிச்சையின் பகுதிதான்.

குடும்பம் மாறாமல் அவர் தட்டு மட்டும் மாறாது. தனக்கென்று சுண்டல் வேகவைக்க எந்தத் தாயும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். வீடு முழுக்க அதே சாப்பாடு சாப்பிட்டால்தான் நடக்கும். அவர் பயிற்சி செய்யும் இருபது நிமிடம் யாரும் கூப்பிடக் கூடாது என்பதும் வீடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. "எப்பப் பாரு வலி வலின்னு" என்ற பேச்சு வலியைக் கூட்டும். பயமும் சோர்வும் நரம்பின் உணர்திறனை ஏற்றிவிடுகின்றன. வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத நாள்பட்ட வலிக்கு, பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் வலி மாத்திரைகளைத் தவிர்த்துவிட்டு உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுதான்.

மாத்திரையைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. முட்டிக்கு வலி ஜெல் தடவுவது முதல் படியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பயிற்சியைத் தொடங்கும் வாரங்களில் மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரையும் எடுக்கலாம். மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை வகைகள்தான் ஆபத்து. ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளும், நீர் பிரிய மாத்திரையும் எடுப்பவர் இவற்றையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். பெயர் ஒட்டாத பொட்டலப் பொடியில் ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் ஆகிவிடாது. காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்து வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சீக்கிரமே மருந்து தொடங்காவிட்டால் மூட்டு கோணிவிடும். காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சுடுவது, காரணமில்லாமல் உடல் மெலிவது, முதுகு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு போவது, இவற்றில் எதற்கும் பத்தியமும் பயிற்சியும் பார்த்துக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இத்தனையும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரித் தூக்கம் கெடுகிற வலி இருந்தால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல வழி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டியின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது நடக்கிறது. அறுவைக்கு முன் எடை குறைத்துத் தொடையைப் பலப்படுத்தியவர்கள் அதன்பின் எழுந்து நடப்பதும் எளிது. அந்த உழைப்பு எந்த வழியிலும் வீண் போகாது.

பலன் தெரிகிறதா என்பதை வலியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும், அது ஒரு நாள் ஏறும் ஒரு நாள் இறங்கும். அதே நாற்காலியில் கையை ஊன்றாமல் முப்பது விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் காலண்டரில் குறித்துவையுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, 65 முதல் 69-க்குப் பதினொன்று, எழுபதுகளில் பத்து. ஆறு வாரத்துக்கு ஒரு முறை எண்ணுங்கள்.